எந்த வண்டிக்கும் இல்லை

அக்கா,

இன்று காலை இந்த வருடத்தின் முதல் கூடை மாங்காய் வீட்டில் வந்து இறங்கியது. காம்பைக் கிள்ளியதும் பால் பீய்ச்சி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் அந்தக் காரமான வாசனை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே நடந்த அந்த மதியத்திலும் நம் இருவர் கையிலும் இதே வாசனைதான் இருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முந்தைய மே மாதம் அது. இரண்டு நாத்தனார்களும் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்திருந்தார்கள். வீட்டில் பதினான்கு பேர். காலை ஐந்தரைக்கு நாம் அடுப்பைப் பற்ற வைத்தால், ஒரு பந்தி சாப்பிட்டு எழுவதற்குள் அடுத்த பந்திக்குத் தட்டு கழுவ வேண்டியிருக்கும். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். மற்றவர்களுக்குக் கோடை என்றால் விடுமுறை. நமக்குக் கோடை என்றால் அடுப்படியில் இன்னும் இரண்டு பெரிய பாத்திரங்கள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஃபேனுக்குக் கீழே சாய்ந்துவிட்டார்கள். நாம் இருவரும் உப்புப் போடுவதற்காக மாங்காய் அரிந்துகொண்டிருந்தோம். பாதி அரிந்த மாங்காய் ஒன்றை அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் எழுந்தீர்கள். கை கழுவினீர்கள், முகம் கழுவினீர்கள், ஆணியில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை எடுத்தீர்கள். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வெளிய போயிட்டு வரேங்க அத்தை."

"இந்த வேகாத வெயில்லயா? என்னா வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்க வேண்டியதில்லீங்க."

"அப்பறம் என்னாத்துக்கு?"

"ஒண்ணுத்துக்கும் இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னீர்கள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. சரியாக நான்கு மணிக்குத் திரும்பி வந்து டீக்குப் பால் வைத்தீர்கள். பாதி மாங்காய் அதே இடத்தில் கறுத்துக் கிடந்தது. அதை எடுத்து மீதியை அரிந்தீர்கள். மறுநாளும் போனீர்கள். அதற்கு மறுநாளும்.

நான் உங்கள் மேல் கோபமாக இருந்தேன் என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். நீங்கள் போன இரண்டு மணிநேரமும் உங்கள் வேலையையும் சேர்த்து நான் செய்தேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே பதினான்கு டம்ளர் கழுவினேன். ஒவ்வொரு டம்ளருக்கும் மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

வீட்டில் பேச்சு கிளம்பியது. யாரிடமாவது போனில் பேசுகிறாளா, யாரையாவது பார்க்கிறாளா, பிறந்த வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்புகிறாளா என்று ஆளுக்கொரு கேள்வி. ஐந்தாம் நாள் மூத்த நாத்தனாரான பெரிய அண்ணி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"நீ பின்னாலயே போயி பாத்துட்டு வா. நாங்க யாராவது போனா தெரிஞ்சிடும். நீ சின்னவ, உன்ன கவனிக்க மாட்டா."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் பாதி, என் கோபம் பாதி. பிள்ளையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

நீங்கள் கடைத்தெருவைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷனுக்குள் போனீர்கள். ஊரை விட்டே போகப் போகிறீர்களோ, அதைவிடப் பெரியது ஏதாவது செய்துகொள்ளப் போகிறீர்களோ என்று பயந்தேன். நீங்கள் கவுண்டரில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்தீர்கள். அங்கே ஒரு புங்கமரம், அதன் நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் போன் இல்லை. யாரும் வரவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி போனது, நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அது போன பிறகு வெறும் தண்டவாளத்தைப் பார்த்தீர்கள். எதிரே ஏற்காட்டு மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது, அதைப் பார்த்தீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினீர்கள். அரை மணிநேரத்தில் நீங்கள் செய்தது அவ்வளவுதான். ஒரு தப்பைப் பிடிக்கப் போனவள், தப்பு எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்தேன்.

ஆனாலும் சொன்னேன். "ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்காங்க" என்று சொன்னேன். வேறு ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அந்த இரண்டாவது வரியை யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் வீட்டுக்காரர், மாமா, கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். எல்லோரும் உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் டீத் தட்டோடு நின்றீர்கள்.

"தண்டவாளத்துகிட்ட ஒரு பொம்பள தனியா ஒக்காந்திருந்தா ஊரு என்னா நெனைக்கும்?" என்று பெரிய அண்ணி கேட்டார்கள்.

"நெனைக்கட்டுங்க அண்ணி. நெனைக்கறதுக்கு ஊருக்கு நேரம் இருக்குது. எனக்குத்தான் இத்தன வருஷமா இல்ல."

"கோயில்ல போயி ஒக்காரேன்," என்றார்கள் அத்தை. "யாரு கேக்கப் போறா?"

"கோயிலுக்குப் போனா சாமிகிட்ட ஏதாச்சும் கேக்கணும்ங்க அத்தை. எனக்கு யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கறதுக்கில்ல."

மாமா தலையைக் குனிந்தபடியே கேட்டார். "வூட்ல உனக்கு என்னா கொற? யாரு உன்ன என்னா சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. காலைல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் எல்லாரு கூடவும் இருக்கேன். ரெண்டு மணிநேரம் என்கூட நான் இருக்கேன். அவ்ளோதான்."

"நாளைலருந்து போகாத."

"போவேங்க."

தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றீர்கள். "பூட்டி வைக்கணும்னா வச்சிக்கங்க. அப்பறம் காலைல அஞ்சரைக்கும் கதவ தெறக்காதீங்க."

அந்த வீட்டில் ஒரு மருமகள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பதினான்கு டம்ளர் டீயும் ஆறிப் போனது. அத்தை அன்றிலிருந்து ஒரு மாதம் உங்களிடம் பேசவில்லை. நீங்கள் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை.

உங்களை அழைத்து வர ஒரு நாள் மாமாவே ஸ்டேஷனுக்கு வந்ததை நீங்கள்தான் பிறகு எனக்குச் சொன்னீர்கள். "வந்தாரு. பக்கத்துல ஒக்காந்தாரு. பேச்ச ஆரம்பிச்சாரு. இருக்கறதுன்னா பேசாம இருங்கன்னேன். பத்து நிமிஷம் இருந்தாரு. பைத்தியம் புடிக்குது எனக்குன்னு எந்திரிச்சி போயிட்டாரு." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "நீ பின்னால வந்தது தெரியும் புள்ள. உன் செருப்பு சத்தம் எனக்குத் தெரியாதா? வெயில்ல அவ்ளோ நேரம் நின்னியே. அடுத்த தடவ குடை எடுத்துட்டு வா."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீங்கள் புடவையின் மறுமுனையை என் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னீர்கள். அன்று கேட்காமல் விட்டதைப் பிறகும் கேட்கவில்லை.

அடுத்த தடவை என்று நீங்கள் சொன்னது வர இரண்டு வருடம் ஆனது.

அதுவும் ஒரு மே மாதம்தான். மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. நான்கு வயது மகள் மோர்ச் சொம்பைத் தட்டிவிட்டாள். மோர் தரையெல்லாம் ஓடி அண்ணியின் புதுப் பாயை நனைத்தது. நான் அவளை அடித்தேன். வெறும் அடி அல்ல அது. என் ஐந்து விரலும் அவள் கன்னத்தில் சிவந்து எழுந்தன. அவள் அழக்கூட மறந்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை இன்றும் என்னிடம் இருக்கிறது.

யார் யாரோ ஏதேதோ சொன்னார்கள். நீங்கள் பிள்ளையைத் தூக்கி, கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, தூங்க வைத்தீர்கள். தரையைத் துடைத்தீர்கள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். வழக்கமாக நீங்கள் அப்படி நிற்பதில்லை.

"வா," என்றீர்கள்.

"வேல கெடக்குதுக்கா."

"கெடக்கும். எங்கயும் போகாது. வா."

ஸ்டேஷனில் எனக்கும் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினீர்கள். அதை என் கையில் வைத்துச் சொன்னதை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துச் சிரிப்பேன். "சும்மா ஒக்கார்றதுக்கு டிக்கெட்டு குடுக்கற எடம் நம்மூர்ல இது ஒண்ணுதான் புள்ள. ரெண்டு மணிநேரம் செல்லும். யாரும் எந்திரின்னு சொல்ல முடியாது."

பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். "அக்கா, நான் வேணும்னு அடிக்கல, காலைலருந்து தலவலி, அப்பறம் அண்ணி வேற…"

"இங்க எங்கிட்ட சொல்லாத. நான் இங்க ஆறுதல் சொல்ல வரல. நீ அந்த பெஞ்சுல ஒக்காரு, நான் இதுல ஒக்கார்றேன்."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. எழுந்து பத்தடி தள்ளியிருந்த பெஞ்சுக்குப் போனேன். அதற்கு நிழல் பாதிதான். முதல் பத்து நிமிடம் உங்களைத் திட்டினேன். பிறகு போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். சாயங்காலத்துக்கு எத்தனை உருளைக்கிழங்கு வேக வைக்க வேண்டும் என்று யோசித்தேன். ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனது. அதன் காற்றில் முந்தானை முகத்தில் வந்து மோதியது. அது போன பிறகு வந்த அமைதியில் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாளாக இப்படி மூச்சு வாங்குகிறேன் என்று தெரியவில்லை.

மணிக்கட்டில் சூடு பட்ட இடம் கொப்பளித்திருந்தது. எப்போது பட்டது என்று நினைவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு பேருக்கு மோர் ஊற்றினேன். எனக்குத் தாகம் என்பதே எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்தேன். முதலில் கொதிக்கிற தண்ணீர் வந்தது, அதை விட்டுவிட்டு நின்றேன், பிறகு சில்லென்று வந்தது. வயிறு நிறையக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் மகளின் கன்னத்துக்காக அழுதேன். நீங்கள் உங்கள் பெஞ்சில் இருந்தீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை.

திரும்பி நடக்கும்போது மட்டும் பேசினீர்கள். "மொத வருஷம் எனக்கும் இப்படித்தான். ரசத்துல உப்பு போட்டனா இல்லியான்னே ரெண்டு மணிநேரமும் நெனச்சிட்டிருந்தேன். பத்து நாளு ஆச்சி, எனக்கு காலு ரெண்டு இருக்குது, அது வலிக்குதுன்னு தெரியறதுக்கு."

அந்தக் கோடையிலும் அடுத்து வந்த கோடைகளிலும் நான் உங்களோடு எப்போதாவதுதான் வந்தேன். நாம் இருவரும் ஒன்றாகப் போனால் அடுப்படி காலியாகிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தைரியம் இல்லை. நீங்கள் ஏழு கோடை போனீர்கள். ஏழு கோடையும் ஏச்சு வாங்கினீர்கள். கடைத்தெருவில் உங்களுக்கு 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு, "சம்பளம் எப்பங்க போடுவாங்க?" என்று திருப்பிக் கேட்டீர்கள்.

பிறகு அந்தத் தை மாதக் காலை. பனி விலகவில்லை. தோசைக் கல்லில் மாவை ஊற்றிய கையோடு சரிந்தீர்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். தர்மபுரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது ஒன்றும் மிச்சமில்லை. உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது என்பதே அன்றுதான் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் உறவு முழுக்கக் கூடியிருந்தது. பெரிய அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்கள். "கேட்டாளா? அந்த ஸ்டேஷன் வெயில்ல போயி ஒக்காந்து ஒக்காந்துதான் தலைக்கு ஏறிடுச்சி."

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கையிலிருந்த சாப்பாட்டு வாளியைக் கீழே வைத்தேன்.

"தை மாசக் குளிர்ல, அடுப்புகிட்ட நின்னப்பதான் அண்ணி அவங்க செத்தாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டி உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை.

"ஸ்டேஷன் வெயில சொல்றீங்களே, வருஷம் பூரா இந்த அடுப்புகிட்ட நின்னாங்களே, அந்த வெயில யாராச்சும் சொல்றீங்களா? அன்னைக்கு ஒளிஞ்சிருந்து பாத்துட்டு வந்து உங்ககிட்ட சொன்னவ நான்தான். அதனால எனக்குத் தெரியும். அங்க அவங்க ஒரு தப்பும் பண்ணல. இந்த வூட்ல எங்கயும் கெடைக்காத நெழலு அவங்களுக்கு அங்க கெடைச்சிது."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன். சாம்பார் இலைக்கு வெளியே சிந்தியது. ஆனால் அக்கா, குரல் நடுங்கவில்லை.

அந்த மே மாதம் நாத்தனார்கள் வந்த மறுநாளே, மதியம் இரண்டு மணிக்கு நான் கை கழுவினேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயுமா?"

"ஆமாங்க அத்தை."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இன்றுவரை நான் கிளம்பும்போது அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை. ஆனால் போன வருடம் ஒரு நாள், நான் தெருவில் இறங்கி நான்கடி வைப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மா என்னைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். அத்தையின் குரல் வெளியே கேட்டது. "அவ இல்ல. நாலு மணிக்கு மேல வா." எதற்கு, எங்கே என்று ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை. அவ்வளவு கறாராக அவர்கள் எனக்காக எதையும் சொன்னதில்லை.

ஊர் இன்னும் பேசுகிறது. அண்ணியின் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, போன் சொல்கிறபடி மூச்சை இழுத்து விடுகிறாள். அதைப் பார்த்து எல்லோரும் நல்லது, உடம்புக்கு நல்லது என்கிறார்கள். கேட்டுச் செய்தால் நல்லது, கேட்காமல் செய்தால் திமிர். திமிராகவே இருக்கட்டும். சென்ற வாரம் அண்ணி எப்போது வரலாம் என்று போனில் கேட்டார்கள். "எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணி. ஆனா மத்தியானம் ரெண்டுலருந்து நாலு வரைக்கும் நான் இருக்க மாட்டேன்" என்றேன். "சரி, டம்ளர நாங்க கழுவிக்கறோம்" என்றார்கள். குத்தலாகத்தான் சொன்னார்கள். கழுவட்டும்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் போன பிறகு இரண்டு கோடை நான் அந்தப் பெஞ்சுக்குப் போய் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உட்கார்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒளிந்திருந்து பார்த்ததற்கு அங்கே தினமும் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது போனதைவிடக் களைத்துத் திரும்பினேன். போன கோடையின் கடைசி நாளில்தான் எனக்கு உறைத்தது. பதினான்கு பேருக்குப் பரிமாறிவிட்டு வந்தவள், அங்கே உட்கார்ந்து பதினைந்தாவது ஆளுக்கும் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பார்த்திருந்தால் அடுத்த பெஞ்சுக்குத் துரத்தியிருப்பீர்கள்.

அதனால் இந்த வருடம் அந்த நேரத்தில் உங்களை நினைக்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும், கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. உங்களிடம் பேச வேண்டியதையெல்லாம் இன்றைக்கே, இந்த அடுப்படியிலேயே, பருப்பு வேகும் நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். சமைக்கும்போது வாருங்கள், துணி துவைக்கும்போது வாருங்கள், பிள்ளைக்குத் தலை பின்னும்போது பக்கத்தில் வந்து உட்காருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மட்டும் வராதீர்கள்.

அப்போது நான் உங்களுக்கும் இல்லை.